ஒன்று என்றால் திற

நாலுகுளம் என்று ஒரு ஊர் இருந்தது, இன்னும் இருக்கிறது, அந்த ஊரில் குளம்தான் இல்லை. முதல் குளத்தில் மண்ணடித்து பஸ் ஸ்டாண்ட் கட்டினார்கள், அடுத்ததில் துணை மின்நிலையம் வந்தது, இன்னொன்றில் கல்யாண மண்டபம் எழுப்பி அதற்குக் குளக்கரை மஹால் என்று பெயரும் வைத்தார்கள், மிச்சமிருந்த ஒன்று எங்கே இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். ஆனாலும் பஸ்ஸின் நெற்றியிலும் பேரூராட்சிப் பலகையிலும் பள்ளிப் பிள்ளைகளின் அடையாள அட்டையிலும் நாலுகுளம் என்றுதான் எழுதியிருந்தது, அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை.

அந்த ஊரில் தண்ணீர் வரும் நாளையும் வராத நாளையும் மக்களுக்கு அறிவிப்பதற்காகப் பேரூராட்சி தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைக் கம்பத்தில் மாட்டி வைத்தது. திறப்பு விழாவன்று காலையில், பேரூராட்சித் தலைவர் மாலையும் கழுத்துமாக நின்று சுவிட்சைப் போட்டார். எல்லாத் தெருவிலும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் 'டொப்' என்றன. அந்தச் சத்தம் அடங்குவதற்குள், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே, ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு மழை பெய்தது.

வானம் வெளுத்த வேட்டி மாதிரிக் கிடந்தது, மேகத்தின் ஒரு நூல்கூட இல்லை, பெட்டியின் உயரத்திலிருந்துதான் மழை இறங்கியது, தூறல் அல்ல, ஐப்பசியில் பெய்கிற அடைமழை, தரையில் விழுந்து குமிழ் விட்டு ஓடுகிற மழை. பந்தலுக்கு உள்ளே நின்றவருக்குக் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, ஒரு கை தூரத்தில் வெளியே நின்றவரின் செருப்பில் தூசி அப்படியே இருந்தது. அது பெய்துகொண்டிருக்கும்போதே பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையைக் கொடுத்து, "நாலுகுளம் பேரூராட்சி மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று குடிநீர் விநியோகம் கிடையாது" என்றது.

யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. கொடியில் துணி காயப்போட்டிருந்தவர்கள் பேரூராட்சியைத் திட்டினார்கள். மூன்றாவது வார்டு உறுப்பினர் பேச்சியம்மாள் மாவு மில் வைத்திருப்பவள், அவள் முதலில் மிளகாய் மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டாள், அப்புறம் அண்டாவை வெளியே இழுத்துப் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்னத்தா இது, பெட்டி மழை பெய்யுது?" என்று கேட்டபோது, "இடி இடிச்சா மழை வரும். இதுல என்ன கேள்வி? சின்ன இடி, சின்ன மழை. போயி குடத்தைக் கொண்டாரும்" என்றாள். ஊருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு நேரமும் இல்லை, ஏனென்றால் மழைக்கு ஒரு ஒழுங்கு ஏற்படுத்த வேண்டியிருந்தது. சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் மண்வாசனை மட்டும் வருகிறது, பெட்டி சூடு தணியும்வரை ஓய்வு கொடுத்தால்தான் அடுத்த மழை முழுசாகப் பெய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை என்று வைத்துக்கொண்டார்கள். சுவிட்சுப் பெட்டியின் சாவி தெருவிலேயே அதிகம் சண்டை போடுகிறவளிடம் இருக்க வேண்டும், அப்போதுதான் அவளிடம் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்று முடிவானது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் பெரிய குழாய் ஸ்பீக்கர் என்பதால் அங்கே நெல்லிக்காய் அளவில் சொட்டு விழுந்தது, பள்ளிக்கூடத்துப் பெட்டியில் சின்ன ஸ்பீக்கர் என்பதால் சாரலோடு சரி, அது சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்திருந்த செம்பருத்திக்குப் போதும் என்று தலைமையாசிரியர் பெருந்தன்மையாகச் சொன்னார். சலூன்காரர் தன் நாற்காலியை மழைக்கு ஓரமாக நகர்த்தி, முடி வெட்டி முடித்ததும் நாற்காலியைச் சுழற்றித் தலையைப் பந்தலுக்குள் நீட்டச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்துக்கு வருவதற்கு முன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மேலத் தெருவில் ஒரு தவளை வந்து சேர்ந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் அது வந்த அன்று தெருவே பாயசம் வைத்தது. காலையில் டொப், குடம் நிறையும் சத்தம், "இன்று குடிநீர் விநியோகம் கிடையாது"; பொழுது சாய டொப், குடம் நிறையும் சத்தம், "இன்று குடிநீர் விநியோகம் கிடையாது"; இந்த மூன்றும் சேர்ந்து ஒரே பாட்டு மாதிரி ஊரின் வாயில் ஏறிவிட்டது, பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டே குளித்தார்கள்.

ஒருவருக்கு மட்டும் அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. தண்ணீர் லாரி வைத்திருந்த தவமணிக்கு, லாரியின் பின்குழாயில் சிலந்தி வலை கட்டியதைப் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. அவர் பேரூராட்சித் தலைவரின் மைத்துனர், ஆகவே மனு எழுத உட்கார்ந்தார். ஆனால் மழை பெய்கிறது என்று எப்படிப் புகார் எழுதுவது? எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில், 'ஒலிபெருக்கிகளைப் போடும்போது தேவையற்ற சத்தம் வருகிறது, அதைச் சரிசெய்து தரவும்' என்று எழுதினார். அது தலைவர் வழியாக, பெட்டிகளைச் செய்துகொடுத்த மதுரைக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கம்பெனியில்தான் ஜெபராணி வேலை பார்த்தாள்.

அவள் செய்கிற வேலையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒலிப்பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்புக்குள் சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். ஒவ்வோர் அறையின் சுவரிலும் சில சுவிட்சுகள், மேலே தட்டினால் ஒன்று, கீழே தட்டினால் பூஜ்யம். பெட்டிக்குக் கரண்ட் வந்தவுடன் டிரைவர் என்கிற நிரல் எழுந்து, அறை அறையாக ஓடி, எந்தச் சுவிட்ச் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் தட்டிவிட்டு வரும். ஒழுங்கான டிரைவர் முதலில் பெட்டியின் வாயை மூடும், பிறகு உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு உயிர் கொடுக்கும், தூக்கம் கலைந்து அது ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிய பிறகு, பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கும். வாயை மூடாமல் எழுப்பினால் அந்தக் குலுக்கல் வெளியே கேட்கும். அதுதான் டொப்.

மற்றவர்கள் எழுதுகிற அப்படிப்பட்ட நிரலை, பெட்டிக்குப் போவதற்கு முன்னால், வரி வரியாகப் படித்து, சரி என்றோ சரியில்லை என்றோ சொல்வது ஜெபராணியின் வேலை. அவள் படிக்கிற முறையைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். எழுதியவர் நிரலைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அவள் சிப்பின் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுக்கொண்டே வருவாள், விரலும் குரலும் ஒரே இடத்தில் நின்றால்தான் அடுத்த வரி. அது முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்பாள்: இதனால் எது நின்றுபோகும்? யாரிடம் சொல்லியாயிற்று? இந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அவள் கையிலிருந்து ஒரு வரிகூடத் தப்பியதில்லை.

ஒரே ஒரு தடவை தப்பியது. தம்பியின் ஆபரேஷனுக்காக அவள் நாகர்கோவில் போயிருந்தபோது, திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று எம்.டி. சிதம்பரநாதன் தானே பார்த்து, தானே சரி என்று போட்டு, நாலுகுளத்துப் பெட்டிகளை அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் வேலை அந்தக் கதவை அடைத்ததுதான். இனி எந்த மாற்றத்திலும் எழுதியவர் ஒருவர், பார்த்தவர் இன்னொருவர், இருவரில் ஒருவர் ஜெபராணி. இல்லையென்றால் கம்ப்யூட்டரே வாங்கிக்கொள்ளாது. எம்.டி.யும் அன்றைக்கு நல்ல மனநிலையில் தலையாட்டிவிட்டார்.

புகார் வந்த அன்று மத்தியானம், நாலுகுளத்து நிரலை எழுதிய இசக்கிராஜா அவள் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் அவள் முன்னால் உட்கார்ந்தால் நகம் கடிப்பான்.

"எழுந்ததும் மியூட் ரெஜிஸ்டர்ல ஒன்னு போடுறோம், அக்கா. வாயை மூடியாச்சு. அப்புறம் ஆம்ப் ஆன்."

"நில்லு. அறிவிப்பு ஆரம்பிக்கிற இடத்துல என்ன போட்டிருக்க?"

அவன் கீழே போய்த் தேடினான். "அங்கயும் அதே ரெஜிஸ்டர்லதான்… ஒன்னு."

"மூடுறதுக்கும் ஒன்னு, திறக்கிறதுக்கும் ஒன்னா? உங்க வீட்டுக் கதவு அப்படியா இருக்கு?"

ஜெபராணி கையேட்டில் விரலை வைத்தாள். பழைய சிப்பில் ஒன்று என்றால் மூடு. புதிய சிப்பில் ஒன்று என்றால் திற. செய்தவர்கள் நடுவில் மாற்றியிருந்தார்கள். இசக்கிராஜா அறிவிப்புக்கான வரியைக் கையேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதியிருந்தான், அது சரி. எழுந்ததும் மூடுகிற வரியை மட்டும் பழைய பெட்டியின் நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். ஆகவே நாலுகுளத்துப் பெட்டிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டே கண் விழித்தன.

"சீ, ஒத்தை பிட்டு, ஒரே ஒரு சுவிட்சு!" என்று இசக்கிராஜா தலையில் அடித்துக்கொண்டான். ஒன்றை பூஜ்யமாக மாற்ற அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இருந்த கட்டங்களையும் நிரப்பினான். எது நின்றுபோகும்? ஒன்றுமில்லை. யாரிடம் சொல்லியாயிற்று? எம்.டி.யிடம்.

ஜெபராணி சரி என்று போடுவதற்குக் கையைக் கொண்டுபோனாள். 'ஒன்றுமில்லை' என்ற சொல் அவளுக்கு எப்போதும் பிடிக்காத சொல். கட்டிலின் ஒரு சட்டத்தை எடுத்தால்கூட ஏதாவது ஒன்று ஆடும். "நான் போயி ஒரு தடவை காதால கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள்.

"டொப்னு ஒரு சத்தம், அக்கா. அதைக் கேக்க ஊருக்குப் போகணுமா?"

"கேக்காத சத்தத்தை எப்படிடா நிறுத்துறது?"

மறுநாள் பொழுது சாயும் நேரத்துக்கு அவள் நாலுகுளத்தில் இறங்கினாள். கம்பத்தடியில் குடங்கள் வட்டமாக அடுக்கியிருந்தன, வட்டம் என்றால் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம், அதற்கு வெளியே பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு, ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெபராணி ஒரு அம்மாளிடம் போய், "பேரூராட்சி ஒலிபெருக்கி இதுதானா?" என்று கேட்டாள்.

அத்தனை தலையும் திரும்பியது.

அந்த அம்மாள் பேச்சியம்மாள்தான். அவள் ஜெபராணியை மேலிருந்து கீழே பார்த்தாள். "இன்னொரு தடவை பேசு, தாயி."

"பேரூராட்சி ஒலிபெருக்கி…"

"அவளேதான்!" என்றாள் பேச்சியம்மாள், கையைத் தட்டி. "ஏ மாடத்தி, ஏ சண்முகக்கனி, ஓடியாங்க, 'கிடையாது' வந்திருக்கா!"

அப்போதுதான் ஜெபராணிக்கு நினைவு வந்தது. குரல் பதிவுக்கு வெளி ஆளைக் கூப்பிட வேண்டாம், நம்ம பிள்ளையே பேசட்டும் என்று எம்.டி. சொல்லி, ஒரு மத்தியானம் போர்வையைக் கதவில் தொங்கவிட்டு அவளை மைக் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். 'இன்று குடிநீர் விநியோகம் உண்டு' என்றும் பேசினாள், 'கிடையாது' என்றும் பேசினாள். உண்டு என்று பேசியதை இந்த ஊர் ஒருநாளும் கேட்டதில்லை.

"தினம் ரெண்டு வேளை இல்லை இல்லைன்னு சொல்றியே, உனக்கு வாய் வலிக்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க மாமியாகூட இவ்வளவு மரியாதையா இல்லைன்னு சொன்னதில்லை" என்றாள் இன்னொருத்தி.

"ஒல்லியா இருப்பான்னு நெனச்சேன்" என்று கூட்டத்திலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது, அதற்குப் பேச்சியம்மாள், "நீ நெனச்சதுக்கெல்லாம் அவ சாப்பிடாம இருக்க முடியுமா? குடத்தைப் பாரு" என்றாள்.

ஜெபராணி சிரித்தாள், ஆனால் காது சுட்டது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ சுவிட்சைப் போட்டார்கள்.

டொப்.

மழை அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. முதலில் பிளாஸ்டிக் குடங்களில் தடதட என்று, பிறகு எவர்சில்வர் குடங்களில் கணகண என்று, நிறைய நிறையச் சத்தம் தணிந்து தணிந்து, கடைசியில் தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற குளத்துச் சத்தமாகியது. அந்தச் சத்தத்தின் நடுவில் அவளுடைய சொந்தக் குரல் தலைக்குமேல் நின்று, "இன்று குடிநீர் விநியோகம் கிடையாது" என்றது. ஊர் ஒரே குரலில், "சரி, தாயி!" என்று பதில் சொன்னது. அது அங்கே வழக்கமாகியிருந்தது, அவளுக்குத் தெரியாது. அவள் கையை நீட்டி, மழைக்குள் வைத்து, எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்.

"இந்த டொப்பை நிறுத்தச் சொல்லி மனு வந்திருக்கு" என்றாள், யாரிடமும் மறைக்கத் தெரியாத பெண் அவள்.

குடம் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"யாரு குடுத்தா?" என்றாள் பேச்சியம்மாள். அப்புறம், "அதை விடு, யாருன்னு இந்த ஊருல தவளைக்குக்கூடத் தெரியும். நிறுத்துறது யாரு?"

"நான் சரின்னு போட்டா நின்னுரும்."

பேச்சியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிறைந்த குடம் ஒன்றைத் தூக்கி ஜெபராணியின் இடுப்பில் வைத்தாள். ஜெபராணிக்குக் குடம் தூக்கிப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வீடு கடைசி வீடு. கொண்டுவந்து வச்சுட்டு, ஒரு வாய் காபி குடிச்சுட்டு, போயி போடு. வேண்டாங்கலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் முன்னால் நடந்தாள். கடைசி வீடு வரும்வரை குடம் தளும்பித் தளும்பி ஜெபராணியின் ஒரு பக்கத்தை நனைத்தது.

மதுரைக்குத் திரும்பியதும் அவள் இசக்கிராஜாவின் மாற்றத்தைத் திறந்தாள். 'ஒன்றுமில்லை' என்பதை அடித்துவிட்டு, எது நின்றுபோகும் என்ற கட்டத்தில், 'மழை' என்று எழுதினாள். கீழே, 'சரியில்லை' என்று போட்டாள்.

எம்.டி. அறைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஸ்பீக்கர் செய்கிறவர், சத்தம் என்றால் அவருக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

"என்னம்மா ஜெபராணி இது? மழைன்னு எழுதியிருக்க. நாளைக்கு வாங்குறவன் இதைப் பாத்தா சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டும், சார். நான் கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் எழுதினேன்."

"தப்பா எழுதியிருக்குன்னு நீதான கண்டுபிடிச்ச? ஒன்னு இருக்க வேண்டிய இடத்துல பூஜ்யம்…"

"பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்துல ஒன்னு, சார்."

"ஏதோ ஒன்னு! கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதைத்தானம்மா நீ இத்தனை வருஷமாப் புடிச்சுத் தொங்குவ? ஒரு வரி தள்ளி இருந்தாலே எல்லாரையும் அழ வைப்ப."

"ஆமா சார். கையேட்டுல, ஒன்னு போட்டா வாய் திறக்கும்னு போட்டிருக்கு. ஒன்னு போட்டிருக்கு, வாய் திறந்திருக்கு. கையேட்டுக்கு விரோதமா அங்க ஒன்னும் நடக்கலை."

எம்.டி. கண்ணாடியைக் கழற்றினார். "தலைவர் தினம் போன் பண்றாரு. அவரு மச்சினன் பக்கத்துல நின்னு மூச்சு வாங்குறது எனக்கே கேக்குது. நானே சரின்னு போட்டுக்கறேன், விடு."

"போட முடியாது, சார். நீங்கதான் தலையாட்டினீங்க."

எம்.டி. கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அப்ப நல்லா கேட்டுக்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நாலுகுளம் மாற்றத்துல உன் பேரு இருக்கணும். இல்லேன்னா நாளன்னைக்கு உன் சீட்டுல வேற ஆள் இருக்கும்."

"இருக்கும், சார்" என்றாள் ஜெபராணி. எது இருக்கும் என்று அவர் கேட்கவில்லை.

அவள் தன் இடத்துக்கு வந்து, முதலில் மேஜையை ஒழித்தாள். டீ குடிக்கிற கோப்பை, தம்பி மகள் வரைந்து கொடுத்த யானை, மழைக்காலத்துக்காக அலுவலகத்திலேயே போட்டு வைத்திருந்த குடை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் காலடியில் வைத்தாள். அப்புறம் முன்பு குரல் பதிந்த அறைக்குப் போய், கதவில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மைக்கை எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மேஜைக்குத் திரும்பி வந்து எழுத ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மற்றவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறாளே தவிர, தானாக ஒரு வரி எழுதி அனுப்பியதில்லை. அவள் எழுதியதை மற்றொருவர் படிக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்தான்.

"டேய், இங்க வா. நான் வாசிக்கிறேன், நீ விரல் வை."

இசக்கிராஜா கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எழுந்ததும் மியூட் ரெஜிஸ்டர்ல ஒன்னு. மாத்தலை, அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு மட்டும் சேத்திருக்கேன்: 'ஒன்று என்றால் திற. இது தவறு அல்ல, தெரிந்தே திறந்து வைத்திருக்கிறோம். மாற்ற நினைப்பவர் நாலுகுளம் போய்ப் பார்த்துவிட்டு வரவும்.' விரல் நிக்குதா?"

"நிக்குது, அக்கா."

"அப்புறம் அறிவிப்பு. பழைய பதிவை எடுத்துட்டேன். புதுசு ஒன்னு போட்டிருக்கேன்."

அவன் ஹெட்போனைக் காதில் மாட்டி அதைக் கேட்டான். கேட்டு முடித்து, நகத்தைக் கடித்தான், கடிப்பதை நிறுத்தினான், கீழே இருந்த கட்டங்களைப் பார்த்தான். யாரிடம் சொல்லியாயிற்று? பெட்டி வழியாக ஊரில் எல்லாரிடமும். இதனால் எது நின்றுபோகும்? 'தண்ணீர் லாரி.'

அவன் வாய்விட்டுச் சிரித்தான், உடனே எம்.டி. அறையைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, லாரின்னு எழுதியிருக்கீங்க."

"ஒன்னுமில்லைன்னு எழுதினா பொய்யாயிரும்ல? என்னோட சட்டத்தை நானே மீறச் சொல்றியா?"

"எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு, அக்கா."

"தெரியும். சரியில்லைன்னு பட்டா சரியில்லைன்னு போடு. யாருக்காகவும் சரின்னு போடாத, எனக்காகவும் போடாத. படிச்சுப் பாத்துப் போடு."

இசக்கிராஜா மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தான். இந்தத் தடவை சத்தம் போட்டுப் படித்தான், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, எம்.டி. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் கேட்கட்டும் என்பதுபோல. படித்து முடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'சரி' என்று போட்டான்.

எம்.டி. கேட்டபடியே நாலுகுளம் மாற்றத்தில் ஜெபராணியின் பெயர் இருந்தது.

அந்தப் பெட்டிகள் எல்லாம் தினமும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியைக் கூப்பிட்டு, புதிதாக ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்கிறவை. அன்றைக்கும் கேட்டன. உண்டு என்று பதில் போனது.

அடுத்த நாள் காலையில் எம்.டி.யின் கார் நாலுகுளத்து பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது. பேரூராட்சித் தலைவர் ஒரு பக்கமும் தவமணி ஒரு பக்கமும் அவரை வரவேற்றார்கள். மாற்றம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதில் ஜெபராணியின் பெயர் இருக்கிறது என்ற அளவுக்கு மட்டும் அவர் பார்த்திருந்தார்; உள்ளே இருந்த வரிகளைப் படிக்கவில்லை, அது அவருடைய பழைய பழக்கம். தவமணி புதுச் சட்டை போட்டிருந்தார். லாரியைத் துடைத்து, குழாயில் இருந்த சிலந்தி வலையை எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

கம்பத்தடியில் ஊர் நின்றது. குடங்கள் வட்டமாக நின்றன. அந்த வட்டத்தின் நடுவே, குடங்களுக்கு மத்தியில், கையில் ஒரு பையோடு ஜெபராணி நின்றாள். பைக்குள் குடை இருந்தது, அதை அவள் விரிக்கவில்லை.

"நீ இங்க என்னம்மா பண்ற?" என்றார் எம்.டி. "இனிமே சத்தம் வராதுல்ல?"

"வாங்க சார், இப்படி உள்ள வந்து நில்லுங்க" என்றாள் அவள். "அங்க நின்னா சரியாக் கேக்காது."

அவர் தயங்கினார். ஸ்பீக்கர் செய்கிறவர், எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு குடங்களை விலக்கி வட்டத்துக்குள் வந்தார்.

பேச்சியம்மாள் சுவிட்சைப் போட்டாள்.

டொப்.

நெல்லிக்காய் அளவுச் சொட்டுகள் எம்.டி.யின் வழுக்கையில் விழுந்தன, கண்ணாடியில் வழிந்தன, சட்டைப் பையில் இருந்த பேனாவின் மையை ஊதாவாகக் கரைத்தன. தலைவர் பின்னால் குதித்தார். தவமணி அசையாமல் நின்றார், அவர்மேல் ஒரு சொட்டும் விழவில்லை, அவர் வட்டத்துக்கு வெளியே இருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்கள். எம்.டி. வாயைத் திறந்தார், என்னவோ கத்துவதற்கு, ஆனால் மழை உள்ளே போனது, அவர் அதை விழுங்கினார்.

அப்போது பெட்டி பேசியது. அதே குரல்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்து நிறுத்தி நிறுத்திப் பேசிய குரல் இல்லை, வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற குரல்.

"நாலுகுளத்து ஆளுங்களே! பெட்டி வாயைத் திறந்தாச்சு. யாரு வந்து மூடச் சொன்னாலும் மூடாது. குடத்தை எடுத்துட்டு வாங்க!"

ஊருக்குப் புதுப் பதிலை யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு முன்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் முதல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வந்துட்டோம், தாயி!" என்றாள்.